நம் ஆறு போய்ச் சேரும் இடம்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் தென்பெண்ணை நுரை பொங்கி ஓடும் படத்தைப் பார்க்கும்போதெல்லாம், அது நம் ஊர்த் தொல்லை என்றே நினைக்கிறோம். இதே ஆறுதான் கடலூர் அருகே வங்கக் கடலில் கலக்கிறது.

ஆற்றோடு வரும் மாசு கடலை என்ன செய்கிறது என்பதைக் காட்டிக்கொடுக்கும் ஃபோராமினிஃபெரா என்ற ஒற்றைச் செல் உயிரிகள் கடலடிச் சேற்றில் வாழ்கின்றன. கடலூரிலிருந்து கொண்டுவந்த ஒரு பிடி மணலை மாணவர்களுக்கு நுண்ணோக்கியில் காட்டினேன். நத்தை ஓடு போலச் சுருண்ட, ஊசிமுனை அளவே ஆன வெள்ளைக் கூடுகள்! ஒரு மாணவி கண்ணை எடுக்கவே மறுத்துவிட்டாள்.

மாசு கூடினால் இவற்றில் அதைத் தாங்காத இனங்கள் மறைந்து, தாக்குப்பிடிக்கும் சில இனங்களே மிஞ்சும். கன உலோகங்கள் சேர்ந்த இடங்களில் கூடுகள் கோணல்மாணலாக வளர்வதையும் ஆய்வாளர்கள் பல கடற்கரைகளில் பதிவு செய்திருக்கிறார்கள். தண்ணீரை மொண்டு சோதித்தால் அன்றைய நிலைதான் தெரியும். இந்தக் கூடுகளோ உயிர் போன பின்பும் சேற்றில் அடுக்கடுக்காகத் தங்கி, பழைய கடலையும் காட்டிக்கொடுக்கும்.

தென்பெண்ணை முகத்துவாரச் சேற்றை ஆண்டுதோறும் இவ்வாறு ஆராய்ந்து, முடிவைக் கடலூரில் மட்டுமல்லாமல் ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் தமிழில் வெளியிட அரசு முன்வர வேண்டும்.

– உயிரியல் ஆசிரியர் ஒருவர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.