புதிய ஆயுதங்களைச் சட்டப்படி சோதிப்பவர் யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் ட்ரோன் உற்பத்தி பெருகிவருவது குறித்துத் தங்கள் இதழில் வெளியான கட்டுரை, அவற்றின் எடை, பறக்கும் தூரம், விலை ஆகியவற்றை விரிவாகவே விளக்கியிருந்தது. ஆனால் அப்படி உருவாகும் ஓர் ஆயுதத்தைப் போர்ச் சட்டம் அனுமதிக்கிறதா என்று ஆராயும் அலுவலர் யார், அவருக்கு அதற்கான பயிற்சி எங்கே கிடைக்கிறது என்ற கேள்வியை அது தொடவில்லை. பாதுகாப்புத் தளவாடங்களின் தரச்சோதனைப் பணியில் இருந்தவன் என்ற முறையில் அதைப் பற்றி எழுதுகிறேன்.

ஜெனீவா உடன்படிக்கைகளுக்கு 1977இல் சேர்க்கப்பட்ட முதலாம் கூடுதல் நெறிமுறையின் 36ஆம் பிரிவு, புதிய ஆயுதத்தை ஆய்வு செய்யும்போதும் உருவாக்கும்போதும் வாங்கும்போதும் அதன் பயன்பாடு தடைக்கு உட்பட்டதா என்று தீர்மானிக்கும் கடமையை உறுப்பு நாடுகளுக்கு விதிக்கிறது. இந்தியா அந்த நெறிமுறையில் சேரவில்லை. ஆகவே நமக்கு இந்த வேலையே இல்லை என்று சொல்பவர்கள் உண்டு. அமெரிக்காவும்தான் சேரவில்லை. எனினும் அந்த நாடு 1974 முதலே தன் ஆயுதங்களைச் சட்ட ஆய்வுக்கு உட்படுத்திவருகிறது. தவிர, குறிப்பிட்ட சில மரபுவழி ஆயுதங்களைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையின் நெறிமுறைகளை இந்தியா ஏற்றுக் கையொப்பமிட்டிருக்கிறது. தடையை ஏற்ற நாடு, தான் வாங்குவது அந்தத் தடைக்குள் வருகிறதா என்று பார்த்துத்தானே ஆகவேண்டும்?

பார்ப்பது எளிதன்று. அந்த உடன்படிக்கையில் கண்ணிவெடிகளைப் பற்றிய, 1999இல் இந்தியா ஏற்ற திருத்தப்பட்ட இரண்டாம் நெறிமுறையை எடுத்துக்கொள்வோம். தொலைவிலிருந்து வீசிப் பரப்பப்படும் ஆள் எதிர்ப்புக் கண்ணிவெடிகளில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் 30 நாளுக்குள் தானாக அழியத் தவறக் கூடாது. அழியாமல் தப்பியதும் தானாகவே செயலிழந்துபோவதற்கான துணை ஏற்பாட்டையும் சேர்த்துப் பார்த்தால், 120 நாள் கழித்து ஆயிரத்தில் ஒன்றுக்கு மேல் வெடிக்கும் நிலையில் இருக்கக் கூடாது. இது சட்ட வாசகம்தான். ஆனால் உள்ளே இருப்பது புள்ளியியல். ஐம்பது வெடிகளைச் சோதித்து ஒன்றும் பிசகவில்லை என்று வரும் அறிக்கை, ஆயிரத்தில் ஒன்று என்ற அளவை ஒருபோதும் நிரூபிக்காது. இரண்டு ஏற்பாடுகளையும் தனித்தனியே சோதித்து, அவை தவறும் விகிதங்களைப் பெருக்கிக் காட்டலாம் என்றால், அவை ஒரே நேரக்கருவியை நம்பியிருக்கக் கூடாது. அது நின்றால் இரண்டுமே நின்றுவிடும். சட்டம் மட்டும் படித்தவர் இதைக் கேட்கமாட்டார். பொறியாளருக்கோ இப்படியொரு வரம்பு இருப்பதே தெரிந்திருக்காது.

மறுபக்கமும் உண்டு. எடையைக் குறைக்க வெடிமுனையின் உறையை நெகிழியாக மாற்றினால் பொறியாளருக்கு அது மிச்சம். ஆனால் உடலுக்குள் எக்ஸ்-ரேயில் தெரியாத சிதறல்களால் காயப்படுத்துவதையே முதன்மை விளைவாகக் கொண்ட ஆயுதம், அதே உடன்படிக்கையின் முதல் நெறிமுறையால் 1980இலேயே தடை செய்யப்பட்டது. நெகிழி இருப்பதாலேயே ஆயுதம் சட்டவிரோதம் ஆகிவிடாது. காயம் எதனால் ஏற்படுகிறது என்பதே கேள்வி. அதற்கு விடை சட்டப் புத்தகத்தில் இல்லை, சிதறல் சோதனையின் முடிவுகளில் இருக்கிறது. அதைப் படிக்கத் தெரியாத சட்ட அலுவலர், வீணாகத் தடுப்பார், அல்லது கண்ணை மூடிக்கொண்டு ஒப்புதல் தருவார். இரண்டாவதுதான் அதிகம் நடக்கும் என்பது என் கணிப்பு.

காலம் தாழ்ந்த சட்டக் கேள்விக்கு நம் நாட்டு ஊர்ப்பெயரே சாட்சி. கொல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதச் சாலையில் உருவாகி அவ்வூர்ப் பெயரையே பெற்ற, உடலுக்குள் விரியும் தோட்டாவின் வகையை ஹேக் மாநாடு 1899இல் தடை செய்வதற்குள், எல்லைப்புறப் போர்களில் அது பயன்பட்டு முடிந்திருந்தது. இலக்கைத் தானே தேடும் ட்ரோன்களில் இந்தத் தாமதம் இன்னும் ஆபத்தானது. தகவல் தொடர்பு அறுந்தால் ட்ரோன் தாக்குமா, திரும்புமா? ஏவிய பிறகு தாக்குதலை நிறுத்த முடியுமா? இவற்றை மென்பொருள் எழுதும்போதே கேட்கவேண்டும். ஒப்பந்தம் கையெழுத்தான பின் கேட்டால் யாரும் மாற்றமாட்டார்கள்.

நாக்பூர் அருகே காம்ப்டீயில் ராணுவச் சட்டப் பயிற்சி நிலையம் இருக்கிறது. அங்கே ராணுவச் சட்ட அலுவலர்களோடு பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனப் பொறியாளர்களையும், காயங்களை அறிந்த ராணுவ மருத்துவர்களையும் ஒரே வகுப்பில் உட்காரவைத்து, பழைய சோதனைக் கோப்புகளைக் கொடுத்துத் தீர்ப்பு எழுதச் சொல்லலாம். செஞ்சிலுவைச் சங்கத்தின் பன்னாட்டுக் குழு 2006இல் வெளியிட்ட வழிகாட்டி பாடநூலாகப் போதும். செலவும் பெரிதாக இராது. முதற்படியாக, பாதுகாப்புத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு, இந்த ஆய்வை எந்த அலுவலர்கள் செய்கிறார்கள், அவர்களின் பயிற்சி என்ன என்று அமைச்சகத்திடம் எழுத்துமூலம் கேட்டு, பதிலை அறிக்கையில் வெளியிடவேண்டும். தமிழ்நாட்டு உறுப்பினர்கள் அதை எழுப்பத் தங்கள் இதழ் தூண்டுகோலாக இருக்கும் என நம்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தரச்சோதனை அலுவலர்,
திருச்சி.