படத்தில் இருப்பவர் எங்கள் ஸ்பைடர் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த ஞாயிறு இணைப்பிதழில் சூப்பர் ஹீரோக்களைப் பற்றி ஒரு முழுப் பக்கக் கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். காமிக்ஸுக்கு முழுப் பக்கமா என்று ஆசையாக உட்கார்ந்தேன். நடுப்பக்கத்தில் கட்டடத்தைப் பிடித்துத் தொங்குகிற சிவப்பு, நீல உடை ஸ்பைடர்மேன் படம். அதன் கீழே, 'லயன் காமிக்ஸ் வழியே தமிழ்ச் சிறுவர்களைக் கவர்ந்த ஸ்பைடர்' என்று போட்டிருந்தது. கையில் இருந்த டீ ஆறிப்போனது.

ஐயா, அவர் வேறு, இவர் வேறு. ஸ்பைடர்மேன் 1962இல் அமெரிக்காவில் பிறந்தவர், நல்ல பிள்ளை. எங்கள் ஸ்பைடர் 1965இல் இங்கிலாந்தின் 'லயன்' வார இதழில் வந்தவர், சுத்தப் போக்கிரி. கறுப்பு உடை, கூரான காது, முதுகில் பறக்கும் கருவி, கையில் வலைத் துப்பாக்கி. குற்றவாளிகளுக்கெல்லாம் சக்கரவர்த்தி ஆக வேண்டும் என்பதுதான் அவருடைய லட்சியமே. கூட்டாளிகளாக ஒரு விஞ்ஞானி, பூட்டு உடைப்பதில் மன்னனான ராய் ஆர்டினி. பிறகுதான் மனம் மாறி நல்லவர் பக்கம் வந்தார். திருந்தியும் அந்தத் திமிர் மட்டும் போகவில்லை. 1984, 85 வாக்கில் நான் புதிதாக வேலையில் சேர்ந்து இரவுப் பணி பார்த்த நாட்களில், பிரிவு அலுவலகத்துப் பலகையில் படுத்துக்கொண்டு படித்தவை தமிழ் லயன் காமிக்ஸில் வந்த அவருடைய கதைகள்.

இன்னொரு செய்தி உங்கள் கட்டுரையாளருக்குப் பயன்படலாம். இந்த ஸ்பைடரின் பல கதைகளை எழுதியவர் ஜெர்ரி சீகல். நண்பர் ஜோ ஷஸ்டரோடு சேர்ந்து சூப்பர்மேனைப் படைத்துவிட்டு, 1938இல் அதன் உரிமையை 130 டாலருக்கு எழுதிக் கொடுத்த அதே சீகல்தான். உலகத்திலேயே மிக நல்லவனைப் படைத்த கை, பிற்காலத்தில் பிழைப்புக்காக இந்தப் பொல்லாதவனுக்கும் கதை எழுதியிருக்கிறது. எனக்கு இது தெரிந்தபோது வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. அந்த நாட்களில், எழுதியவர் யார், வரைந்தவர் யார் என்று நாங்கள் பார்த்ததே இல்லை.

அடுத்தது, சூப்பர் ஹீரோக்கள் கேபிள் டிவிக்குப் பிறகுதான் தமிழ்நாட்டுக்கு வந்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, அது. சாத்தூர்க்காரன் நான், இதை எப்படிச் சும்மா விடுவது? பக்கத்து ஊரான சிவகாசியிலிருந்து வெடி, தீப்பெட்டி, காலண்டரோடு காமிக்ஸும் வந்தது. 1972 ஜனவரியில் முத்து காமிக்ஸின் முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'. எங்கள் தெருவில் சைக்கிள் கடை அண்ணாச்சி ஒருவர் புத்தகங்களைக் கயிற்றில் மாட்டி வைத்திருப்பார். ஐந்து காசு கொடுத்தால் கடைத் திண்ணையிலேயே உட்கார்ந்து ஒரு புத்தகம் படிக்கலாம். எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டினால் பின்மண்டையில் ஒன்று விழும்.

மாயாவியின் கதை தெரியாத இளையவர்களுக்காகச் சொல்கிறேன். லூயிஸ் கிராண்டல் என்று ஓர் ஆய்வகப் பணியாளர். வலது கையை இழந்தவர், அந்த இடத்தில் இரும்புக்கை. ஒரு விபத்தில் மின்சாரம் பாய, உடம்பு மறைந்து கை மட்டும் அந்தரத்தில் தெரிகிறது. இவரும் முதலில் புத்தி பேதலித்துக் கெட்டதுதான் செய்கிறார், பிற்பாடுதான் உளவுத்துறைக்கு வேலை பார்க்கிறார். 'வேலியன்ட்' என்ற ஆங்கில இதழில் 1962 அக்டோபரில் தொடங்கிய தொடர். வரைந்தவர் பார்சிலோனாக்காரரான ஹெசூஸ் பிளாஸ்கோ. மறைந்துபோன ஆளை வரைவது எப்படி? ஒரு கை, ஒரு நிழல், எதிரே நிற்பவனின் பிதுங்கிய கண். அவ்வளவில் ஆள் அங்கே நிற்பது நமக்குத் தெரிந்துவிடும். இந்த மூன்றும் செய்கிற வேலையை இப்போதைய படங்களின் கிராபிக்ஸ் எனக்குச் செய்வதில்லை.

மறைய வேண்டும் என்றால் கிராண்டல் பிளக் பாயின்டில் விரலை விடுவார். அதைப் படித்துவிட்டு வளர்ந்தவன், மின்வாரியத்தில் வயர்மேனாகப் போய்ச் சேர்ந்தேன்! கையுறை போடாமல், மின்சாரத்தை நிறுத்தியாயிற்று என்ற 'லைன் கிளியர்' அனுமதி வாங்காமல் கம்பத்தில் கால் வைக்கிற பையனை, 'இவர் பெரிய மாயாவி, இறங்குடா' என்றுதான் எங்கள் செக்‌ஷனில் திட்டுவோம். விளையாட்டுப் பேச்சு இல்லை அது. ஷாக் அடித்தவர்களைக் கண்ணால் பார்த்தவன் நான்.

மார்வெல் படம் ஒன்று விடாமல் பார்க்கிற என் பேரன் ஒருநாள் கேட்டான்: "தாத்தா, நடுவுல சார்ஜ் தீர்ந்துட்டா என்ன ஆகும்?" உடம்பு வெளியே தெரிந்துவிடும், எதிரி சுற்றி நிற்பான் என்றேன். "அப்ப அவர் வீக்கு" என்றான். அந்த வீக்குதான்டா கதை என்று சொல்லிப் பார்த்தேன். இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. எங்கள் விவாதம் நடந்துகொண்டிருக்கிறது.

'லயன்', 'வேலியன்ட்' என்ற அந்த இரண்டு ஆங்கில வார இதழ்களும் எழுபதுகளிலேயே நின்றுவிட்டன. முத்து காமிக்ஸோ 2022இல் பொன்விழா கண்டது. சொந்த ஊரில் மறந்துபோன நாயகர்களுக்கு நம் பக்கத்தில் இன்னும் வாசகர்கள் இருக்கிறார்கள். அப்படியிருக்க, ஒவ்வொரு சூப்பர் ஹீரோ படத்துக்கும் அரைப் பக்க விமர்சனமும் மதிப்பெண்ணும் தருகிற உங்கள் நாளிதழ், புத்தக விமர்சனப் பகுதியில் ஒரு தமிழ் காமிக்ஸையாவது தொட்டதுண்டா? இருபது ஆண்டுச் சந்தாதாரன் என்ற உரிமையில் கேட்கிறேன். மாதம் ஒன்று போதும். மொழிபெயர்ப்பு எப்படி, அச்சு எப்படி, விலைக்குத் தகுமா என்று எழுதுங்கள். நன்றாக இல்லாவிட்டால் அதையும் எழுதுங்கள். பழைய கதை என்பதற்காகப் புகழ வேண்டியதில்லை. அண்மையில் திரும்பப் படித்தபோது ஸ்பைடர் கதைகளில் இரண்டு எனக்கே அலுத்துவிட்டன.

திருத்தம் வெளியிடுவீர்கள் என்று நம்புகிறேன். ஸ்பைடர் படம் கிடைக்காவிட்டால் என்னிடம் உள்ள புத்தகத்தை அனுப்பி வைக்கிறேன். அட்டை கிடையாது, உள்ளே முழுசாக இருக்கிறது. வேலை முடிந்ததும் பதிவுத் தபாலில் திருப்பி அனுப்பிவிடுங்கள். இரவல் போன ஆறு புத்தகங்கள் இன்னும் வீடு திரும்பவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வயர்மேன்,
சாத்தூர்.