கால் வெங்காயத்தில் தொடங்கு, கயல்

அன்பு மகள் கயலுக்கு,

இங்கே நானும் அப்பாவும் நலம். அப்பாயிக்கு முழங்கால் வலி மட்டும் பனிக்குக் கொஞ்சம் கூடியிருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசியதிலிருந்து எனக்கு மனது சரியில்லை. "வெங்காயத்தையே நிறுத்திட்டேம்மா, ஆறு வாரமாச்சு" என்றாய். நான் வெடுக்கென்று பேசிவிட்டேன். செட்டிகுளம் பக்கத்து வெங்காயக் காட்டில் வளர்ந்த பிள்ளைக்கு வெங்காயம் ஒத்துக்கொள்ளாதாமா என்ற கோபம். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. வயிறு உப்பிக்கொண்டு, வலியில் ஆபீசுக்குப் போக முடியாமல் நீ எத்தனை மாதம் தவித்திருக்கிறாய். 28 வருடம் கிராம சுகாதார செவிலியராக வீடு வீடாகப் போய், எத்தனையோ பெண்கள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டவள் நான். சொந்த மகள் சொல்லும்போது காது கொடுக்கவில்லை. அதற்கு என்னை மன்னித்துக்கொள்.

இந்த ஒரு வாரமாக உன் டயட்டீஷியன் கொடுத்த 'லோ ஃபோட்மேப்' உணவுமுறையைப் பற்றித்தான், அதாவது சரியாகச் செரிக்காமல் குடலில் புளிக்கிற சில வகைச் சத்துகளைக் குறைத்துச் சாப்பிடுகிற முறையைப் பற்றித்தான், படித்துக்கொண்டிருந்தேன். நீ இருக்கிற மெல்போர்னிலேயே, மோனாஷ் பல்கலைக்கழகத்தில் வளர்த்தெடுத்த முறை அது. 2005-இல்தான் அந்தப் பெயரையே வைத்திருக்கிறார்கள். படிக்கப் படிக்க எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. உனக்குச் சொன்ன வைத்தியம் சரிதான். ஆனால் அதை முழுதாகச் செய்ய வேண்டும். நீ பாதியில் நிற்கிறாய்.

வெங்காயத்தில் அப்படி ஃபிரக்டான் என்று ஒரு நார்ச்சத்து இருக்கிறது. அதை உடைக்கிற நொதி மனிதர் யாருக்கும் கிடையாது. உனக்கு மட்டும் இல்லை என்று நினைத்துவிடாதே, எனக்கும் அப்பாவுக்கும்கூட இல்லை. அது சிறுகுடலில் செரிக்காமல் அப்படியே பெருங்குடலுக்குப் போகிறது. அங்கே இருக்கிற பாக்டீரியாக்கள் அதைப் புளிக்க வைக்கின்றன. நம் வீட்டில் இட்லி மாவு இரவில் பொங்குகிறதே, அதே மாதிரி. புளிக்கும்போது வாயு வரத்தான் செய்யும். பெரும்பாலானவர்களுக்கு அது வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. உன்னைப் போலக் குடல் கூச்சப்படுகிறவர்களுக்கு அந்தக் கொஞ்ச வாயுவே வலியாகிறது, உப்புசமாகிறது.

நான் உனக்குச் சொல்ல நினைப்பது இதற்கு அடுத்த பகுதியைத்தான். உனக்கு வலி தருகிற அதே ஃபிரக்டான்தான் வெங்காயம் வயிற்றுக்குச் செய்கிற பெரிய நன்மையும். அந்தப் புளிப்பில் வாயு மட்டுமா வருகிறது? பியூட்ரேட் போன்ற சிறிய கொழுப்பு அமிலங்களும் வருகின்றன. பெருங்குடலின் உள்சுவரில் இருக்கிற செல்களுக்கு முக்கியமான சாப்பாடே அந்தப் பியூட்ரேட்தான். பிஃபிடோ பாக்டீரியா என்று நல்ல வகை ஒன்று இருக்கிறதே, அதற்கு ஃபிரக்டான் என்றால் உயிர். லண்டன் கிங்ஸ் கல்லூரியில் உன்னைப் போன்ற வயிற்றுக்காரர்களை நான்கு வாரம் இந்த உணவுமுறையில் வைத்துப் பார்த்து, 2012-இல் முடிவை வெளியிட்டார்கள். வயிற்றுத் தொந்தரவு குறைந்தது. ஆனால் பிஃபிடோ பாக்டீரியாவும் குறைந்துபோயிருந்தது. அதனால்தான் இந்த முறையை உண்டாக்கியவர்களே இதை மூன்று படியாக வைத்திருக்கிறார்கள். முதலில் இரண்டு முதல் ஆறு வாரம்வரை இப்படிப் புளிக்கிற சத்து அதிகமுள்ள பண்டங்கள் எல்லாவற்றையும் நிறுத்துவது. அப்புறம் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து, எது எவ்வளவு வரை தாங்குகிறது என்று பார்ப்பது. கடைசியில் உன் வயிற்றுக்கென்று ஒரு கணக்கு வைத்துக்கொள்வது. நீ முதல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாய் கண்ணு. வலி திரும்ப வந்துவிடுமோ என்ற பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஆறு வாரம் முடிந்துவிட்டதே.

அதனால் அந்த டயட்டீஷியனிடம் மறுபடியும் போ. திரும்பச் சேர்க்கிற முறையைத் தாளில் எழுதி வாங்கு. பொதுவாக மூன்று நாளைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள், அப்புறம் இடைவெளி விட்டுப் பார்ப்பார்கள். கால் வெங்காயத்தில் தொடங்கச் சொன்னால் காலிலேயே தொடங்கு. அதைவிடக் குறைத்துச் சொன்னாலும் சரி. அன்றைக்கு வேறு புதிய பண்டம் எதையும் சேர்க்காதே, சேர்த்தால் எதனால் வந்தது என்று தெரியாமல் போய்விடும். இன்னொன்று. மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, தூக்கத்திலிருந்து எழுப்புகிற வலி, காய்ச்சல் இதில் ஏதாவது இருந்தால் வெங்காயக் கதையை விட்டுவிட்டு உடனே டாக்டரைப் பார். இதை அம்மாவாகச் சொல்லவில்லை, செவிலியராகச் சொல்கிறேன்.

சின்ன வயதில் நீ சாம்பாரிலிருந்து வெங்காயத்தைப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவைப்பாயே, இப்போதும் அப்படிச் செய்தால் போதும் என்று நினைக்காதே. ஃபிரக்டான் தண்ணீரில் கரைந்துவிடும். வெங்காயத்தை ஒதுக்கினாலும் சாம்பாரில் அது இறங்கியிருக்கும். ஆனால் எண்ணெயில் அது கரையாது. அதனால் தாளிக்கும்போது இரண்டு மூன்று பெரிய துண்டாக வெங்காயத்தைப் போட்டு, நல்லெண்ணெயில் மணம் ஏறும்வரை வதக்கி, தக்காளியோ தண்ணீரோ சேர்க்கும் முன்னால் துண்டுகளை எடுத்துவிடு. வாசம் எண்ணெயில் தங்கிவிடும். பூண்டுக்கும் இதே வழிதான். வெங்காயம் இல்லாமல் குழம்பு சப்பென்று இருக்கிறது என்று நீ சொன்னது என் மனதை என்னவோ செய்தது. இதைச் செய்து பார்த்துவிட்டு எனக்குச் சொல்.

வெங்காயத்தாளை மறந்துவிட்டாயா? அதன் பச்சைப் பகுதியில் ஃபிரக்டான் மிகக் குறைவு, இந்த ஆறு வாரத்திலும் அதை நீ தாராளமாகச் சாப்பிட்டிருக்கலாம். அடியில் இருக்கிற வெள்ளைப் பகுதியை மட்டும் வெட்டிப் போட்டுவிடு. முட்டையோடு பொரித்தால் உனக்குப் பிடிக்குமே. அப்பா பாத்தியில் இளம் தாளைக் கிள்ளிக்கொண்டு வருவார், நான் பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு வைப்பேன். பெருங்காயம் வாங்கினால் டப்பாவின் பின்னால் படித்துப் பார். கூட்டுப் பெருங்காயத்தில் பல சமயம் கோதுமை மாவு கலந்திருக்கும், கோதுமையிலும் இதே ஃபிரக்டான்தான் இருக்கிறது.

சரி, வயிற்றுக்குத்தான் இத்தனை தொல்லை என்றால் வெங்காயம் இல்லாமலே இருந்துவிட்டால் என்ன என்று கேட்டாய். ஒருவர் வெங்காயமே இல்லாமல் நலமாக வாழலாம், அதில் சந்தேகமில்லை. 100 கிராம் பெரிய வெங்காயத்தை எடுத்துக்கொண்டால் ஏறக்குறைய 89 கிராம் தண்ணீர்தான், 40 கலோரி, வைட்டமின் சி 7 மில்லிகிராம் சொச்சம். ஒரு கொய்யாப்பழத்தின் பக்கத்தில்கூட அது நிற்காது. அதன் அருமை வேறு இடத்தில் இருக்கிறது.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது இரும்புச்சத்து. நான் வேலையில் இருந்த காலம் முழுக்கப் பையில் சிவப்பு மாத்திரையோடுதான் அலைந்தேன். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில்கூட, 15 முதல் 49 வயதுவரை உள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. நம் சாப்பாட்டில் இரும்புச்சத்து இல்லாமல் இல்லை. அரிசி, கம்பு, பருப்பில் இருப்பதை உடம்பு முழுதாக எடுத்துக்கொள்வதில்லை. மைசூரில் இருக்கிற மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் இதைச் சோதித்து 2010-இல் எழுதினார்கள். தானியத்தோடும் பருப்போடும் வெங்காயமோ பூண்டோ சேரும்போது, அவற்றிலிருந்து உடம்பு எடுத்துக்கொள்ளக்கூடிய இரும்பும் துத்தநாகமும் கூடுகின்றன என்று கண்டார்கள். பத்து கிராம் தானியத்துக்கு ஒன்றரை, மூன்று கிராம் வெங்காயம், அவ்வளவுதான் சேர்த்தார்கள். வேகவைத்தபோதும் பலன் இருந்தது. ஆய்வுக்கூடத்தில் செரிமானத்தைப் போலச் செய்து பார்த்த சோதனை அது, ஆட்களிடம் செய்ததல்ல. ஆனாலும் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. கம்மங்கூழும் கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயமும் என்று அப்பாயி காட்டு வேலைக்குத் தூக்குவாளியில் கொண்டுபோனாரே, அதில் இவ்வளவு அர்த்தம் இருந்திருக்கிறது. நான் அந்தப் பெண்களிடம் "கீரை சாப்பிடுங்க, சாப்பிட்டதும் டீ குடிக்காதீங்க" என்று சொன்னேனே தவிர, கூழுக்கு வெங்காயம் கடிப்பதை விடாதீர்கள் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. உனக்கும் போன வருடம் இரும்புச்சத்து குறைவு என்று வந்ததே, அதனால்தான் இதை இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

இன்னொன்று குவெர்செடின். வெங்காயத்தில் நிறைய இருக்கிற சத்து இது. நெதர்லாந்தில் ஜுட்ஃபென் என்ற ஊரில் 65 முதல் 84 வயதுவரை உள்ள 805 ஆண்களை ஐந்து வருடம் கவனித்து, 1993-இல் வெளியிட்டார்கள். குவெர்செடினும் அதன் இனத்தைச் சேர்ந்த மற்ற சத்துகளும் சாப்பாட்டில் அதிகம் சேர்ந்தவர்களுக்கு இதய நோயால் மரணம் குறைவாக இருந்தது. அந்தச் சத்துகள் அவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் தேநீர், வெங்காயம், ஆப்பிள் இந்த மூன்றிலிருந்துதான். வெங்காயம் மட்டுமே காப்பாற்றியது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் தினமும் கொஞ்சம் சாப்பிட இது போதுமான காரணம் என்று நினைக்கிறேன். குவெர்செடின் வெளி அடுக்குகளில்தான் அதிகம். நீ அவசரத்தில் காகிதத் தோலோடு சேர்த்துச் சதையிலும் ஓர் அடுக்கை உரித்துப் போடுவாய், நான் பார்த்திருக்கிறேன். இனிமேல் சருகை மட்டும் எடு. வேகவைத்த தண்ணீரைக் கொட்டினாலும் அதில் ஒரு பங்கு போய்விடும். நம் குழம்பில் தண்ணீர் எதையும் கொட்டுவதில்லை என்பதால் அந்தக் கவலை இல்லை.

வாட்ஸ்அப்பில் மாமா அனுப்புகிற வீடியோக்களை நம்பாதே. வெட்டின வெங்காயத்தை அறை மூலையில் வைத்தால் கிருமியை உறிஞ்சிவிடும் என்பதும், உள்ளங்காலில் கட்டினால் சளி போகும் என்பதும் உண்மையில்லை. வெட்டிவைத்த வெங்காயம் விஷமாகிவிடும் என்பதும் அப்படித்தான், மூடிய டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்து எடுத்துக்கொள்ளலாம். சுகருக்கும் பிரஷருக்கும் மாத்திரையை நிறுத்திவிட்டு வெங்காயச் சாறு குடிக்கச் சொல்கிறவர்கள் மேல் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. மாத்திரையை நிறுத்திவிட்டுக் கை கால் விழுந்தவர்களை நான் வீட்டுக்கே போய்ப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், உங்கள் வீட்டு நாய்க்குட்டிக்கு மிச்சச் சாம்பார் சோறு வைக்காதே. வெங்காயமும் பூண்டும் நாய், பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும், வெந்திருந்தாலும் அப்படித்தான். இங்கே தெருவில் எல்லாரும் வைக்கிறார்கள், எனக்கே இது இப்போதுதான் தெரிந்தது. மாப்பிள்ளையிடமும் சொல்லிவிடு.

இங்கே இந்த முறை வெங்காயம் நன்றாக விளைந்திருக்கிறது. ஊன்றி 65 நாளில் பிடுங்கிவிட்டோம். திருகல் நோய் ஒரு மூலையில் மட்டும் வந்து நின்றுவிட்டது. அப்பா தாளோடு உலர்த்திப் பட்டறையில் ஏற்றிவிட்டார். காற்றுப் போகிற மாதிரி அடியில் கல் வைத்து உயர்த்தி, மேலே கீற்றுப் போட்டு, நீ பள்ளிக்கூடத்திலிருந்து வந்து ஏறி உட்காருவாயே, அதே இடத்தில்தான் போட்டிருக்கிறார். ஆஸ்திரேலியாவுக்குப் பச்சைக் காய் எதுவும் கொண்டுவர விடமாட்டார்கள் என்று அப்பாவுக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு கூடை நல்ல காயாகப் பொறுக்கி, "இது கயலுக்கு" என்று தனியாக வைத்திருக்கிறார்.

நீ தை மாதம் வருவதற்கு இன்னும் ஒன்பது வாரம் இருக்கிறது. அதற்குள் உன் வயிறு எத்தனை வெங்காயம் வரை தாங்கும் என்று கண்டுபிடித்துவிட்டு வா. இரண்டு என்றாலும் சரி, அரை என்றாலும் சரி. மோர் விட்ட பழைய சோற்றுக்கு அந்தக் கணக்குப்படியே எண்ணி வைக்கிறேன், ஒன்றுகூட அதிகம் வைக்க மாட்டேன். இந்த ஞாயிற்றுக்கிழமை பேசும்போது டயட்டீஷியன் எந்தத் தேதி கொடுத்தார் என்று சொல்.

அன்புடன்,
அம்மா