சாண்ட்பாக்ஸ் விஷுவல் நாவல் செய்பவர்களுக்கு: எங்களைத் தேட வைக்காதீர்கள்

வயதுவந்தோருக்கான சாண்ட்பாக்ஸ் விஷுவல் நாவல்களை (விரும்பிய இடத்துக்குப் போய் ஆடும், படமும் வசனமுமான கதை கேம்களை) ரென்பை என்ற மென்பொருளில் உருவாக்கும் டெவலப்பர்களுக்கு,

வணக்கம். உங்கள் கேம்களைப் பற்றிய எல்லாப் புகாரும் ‘கிரைண்ட்’ (ஒரே செயலைச் சலிக்கச் சலிக்கத் திரும்பச் செய்வது) என்ற ஒற்றைச் சொல்லில் வந்து முடிகிறது. அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே நான்கைந்து தனித்தனிக் கோளாறுகள் கிடக்கின்றன. புதிதாக ஒரு படம்கூட ரெண்டர் செய்யாமல் அவற்றைச் சரிசெய்துவிடலாம்.

இந்த வடிவத்தின் பலத்தை நாங்கள் மறுக்கவில்லை. நேர்கோட்டு விஷுவல் நாவலில் பிளேயர் பக்கம் புரட்டுகிறார், அவ்வளவுதான். சாண்ட்பாக்ஸில் அவருக்கு ஓர் ஊரே கிடைக்கிறது. யார் கதையை முதலில் தொடர்வது, யாரை அறவே விட்டுவிடுவது என்பது அவர் கையில். வயதுவந்தோர் கேமில் இது சின்ன விஷயமில்லை: பிடிக்காத வகைக் காட்சி வரும் கதைப் பக்கமே போகாமல் இருக்கலாம். உங்களுக்கும் வசதிதான். ஒரு பாத்திரத்துக்கு மட்டும் இரண்டு காட்சி எழுதி, மற்றதைத் தொடாமல் அடுத்த அப்டேட்டை வெளியிட முடிகிறது.

வினையும் அங்கேதான். மேப்பில் 8 இடம், நாளுக்கு 4 பொழுது, வாரத்துக்கு 7 நாள் என்றால் மொத்தம் 224 கட்டம். அப்டேட்டில் வந்தவை 2 காட்சிகள். அதில் ஒன்று வியாழன் இரவு மொட்டைமாடியில். இதை எங்கும் சொல்லவில்லை என்றால், பாக்கி 222 கட்டத்திலும் பிளேயர் பார்ப்பது காலி அறையைத்தான். இதோடு, காட்சி திறக்க அந்தப் பாத்திரத்தோடு நெருக்கப் புள்ளி 20 வேண்டும், நாளுக்கு 1தான் ஏறும் என்று வைக்கிறீர்கள். ஒரு நாளைத் தள்ள 12 கிளிக் ஆனால் மொத்தம் 240 கிளிக். அத்தனையிலும் புதிதாக ஒரு வரி வசனம் கிடையாது. இதைக் கேம் நேரம் என்று கணக்குக் காட்டுவது, சாம்பாரில் தண்ணீர் ஊற்றிவிட்டு அளவு கூடிவிட்டது என்பதைப் போல.

நிகழ்வு காத்திருக்கும் இடத்தின் மேல் மேப்பிலேயே ஒரு சின்னம் வையுங்கள். குறிப்புப் பக்கத்தில் இடம், நாள், பொழுது, தேவையான புள்ளி நான்கையும் எழுதுங்கள். ‘அவரிடம் மறுபடி பேசிப் பாருங்கள்’ என்பது குறிப்பே இல்லை. ‘இந்தப் பதிப்பில் இவர் கதை இத்துடன் நிற்கிறது’ என்ற வரி மிக மிக அவசியம். அது இல்லாததால்தான், எழுதப்படாத காட்சிக்காக ஆட்கள் கேமுக்குள் வாரக்கணக்கில் தூங்கி எழுகிறார்கள்.

குறிப்புகளை வெளித்தளத்தில் வைப்பதும் ஆபத்து. 2025 ஜூலையில் பணப்பரிவர்த்தனை நிறுவனங்களின் நெருக்கடியால் இட்ச்.ஐஓ என்ற கேம் தளம் வயதுவந்தோர் கேம்களைத் தன் தேடலிலிருந்தே நீக்கியது நினைவிருக்கும். உங்கள் பக்கம் காணாமல் போனால் வழிகாட்டியும் சேர்ந்தே போய்விடும். அதைக் கேமுக்குள்ளேயே வைத்துவிடுங்கள்.

பாத்திரங்களின் மறதி இன்னொன்று. முந்தைய இரவு கண்ணீரோடு சண்டை போட்டுப் போனவர், காலையில் ‘ஹாய், தூங்கினாயா?’ என்று சிரிக்கிறார். திரும்பத் திரும்ப வரும் வாழ்த்து வசனம் கடைசியாக நடந்த நிகழ்வைப் பார்ப்பதில்லை என்பதே காரணம். ஒரு பாத்திரத்துக்கு அதன் நிலையைக் குறித்துவைக்கும் ஒரு மாறி (variable), அதற்கேற்ப மூன்று வாழ்த்து, இது போதும்.

இனி சேவ், அதாவது ஆடிய நிலையைச் சேமித்துவைக்கும் கோப்பு. இதில்தான் கோபம் அதிகம். பாத்திரத்தை, கேம் திறக்கும்போதே ஓடும் இனிட் பைதான் (init python) பகுதியில் ஆப்ஜெக்ட்டாக உருவாக்கிவிட்டு, கேம் ஓடும்போது அதன் புள்ளியை மாற்றினால் அந்த மாற்றம் சேவில் ஏறாது. கேமை மூடாமல் சோதிக்கும் வரை மதிப்பு நினைவகத்தில் நிற்கும், எல்லாம் சரியாகவே தெரியும். மூடித் திறந்தால் புள்ளி தொடக்கத்துக்கே போய்விடும். மாறக்கூடிய எதையும் டிஃபால்ட் (default) என்ற கட்டளை கொண்டே அறிவியுங்கள். டிஃபைன் (define) கட்டளை மாறாதவற்றுக்கு மட்டும்.

டிஃபால்ட்டிலும் ஒரு பொறி உண்டு. புதிய மாறி சேர்த்தால் பழைய சேவிலும் அது வந்துவிடும். ஆனால் ஏற்கெனவே இருக்கும் குவெஸ்ட் (பிளேயர் முடிக்க வேண்டிய வேலை) பட்டியலில் புதிதாக ஒன்றைச் சேர்த்தால் வராது, ஏனென்றால் சேவில் இருக்கும் பழைய பட்டியல்தான் ஏறும். ஆப்ஜெக்ட்டுக்கு அச்சாக இருக்கும் கிளாஸின் தொடக்கச் செயற்கூறில் புதிய பண்பு ஒன்றைச் சேர்க்கும்போதும் இதே கதைதான். பழைய ஆப்ஜெக்ட்டில் அது இருக்காது, பிழைத்திரை வந்து நிற்கும். சேவ் ஏறியதும் ஓடும் ஆஃப்டர்_லோட் (after_load) என்ற லேபிளில் விடுபட்டதைச் சரிபார்த்துச் சேர்க்கும் நாலு வரி எழுதினால் தீர்ந்தது. ‘புதிதாகத் தொடங்குங்கள்’ என்று அறிவித்துவிடுவது உங்களுக்குச் சுலபம். எங்களுக்கு அது மறுபடியும் அதே 240 கிளிக்.

அடுத்த அப்டேட்டை வெளியிடும் முன் ஒரே ஒரு சோதனை செய்யுங்கள்: இரண்டு பதிப்புக்கு முந்தைய சேவ் கோப்பைத் திறந்து, நான்கு நாள் ஓட்டி, சேவ் செய்து, கேமை முழுதாக மூடிவிட்டு மறுபடி திறந்து பாருங்கள்.

இப்படிக்கு,
இந்த கேம்களைத் தொடர்ந்து ஆடிவரும் சிலர்