செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: கொல்லிமலைப் பயணமும் பிறவும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, வணக்கம்.

ஈரோட்டில் பழைய கார் வைத்திருப்போர் சேர்ந்து நடத்தும் நம் சங்கத்தில் இப்போது 31 பேர். சென்ற ஆண்டு 28. செயற்குழு ஆறு முறை கூடியது. அதில் இரண்டு முறை கூட்டம் நடத்தப் போதுமான ஆள் (கோரம்) இல்லாமல் டீ குடித்துவிட்டுக் கலைந்தோம்.

ஆண்டின் பெரிய வேலை ஜனவரி 25, 26 கொல்லிமலைப் பயணம்தான். ஆடியில் வல்வில் ஓரி விழாவுக்குப் போகலாம் என்று சிலர் கேட்டார்கள். அந்த நாட்களில் மலைப்பாதையில் நின்று நின்றுதான் ஏற வேண்டும், நம் கிளட்சுகள் தாங்காது என்று தைக்குத் தள்ளினோம்.

போனவை 11 கார்கள்: நான்கு அம்பாசிடர், மூன்று பத்மினி, மூன்று மாருதி 800, ஒரு கான்டெசா. ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்றும் வருவதாக இருந்தது. முந்தின ராத்திரி ரேடியேட்டர் ஒழுகிவிட்டதால் அதன் உரிமையாளர் என் வண்டியின் பின்சீட்டில் ஏறிக்கொண்டு, போக வர என் கியர் மாற்றத்துக்கு மார்க் போட்டபடி வந்தார்.

திருச்செங்கோடு, நாமக்கல், சேந்தமங்கலம் வழியாகக் காரவள்ளி அடிவாரம். அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். மெதுவாக ஏறும் வண்டி முன்னால் போக வேண்டும் என்று அடிவாரத்தில் முடிவு செய்தோம். "இத்தனை பெரிய இன்ஜினை வெச்சுக்கிட்டுப் பத்மினிக்குப் பின்னாடி உருட்டோணுங்களா?" என்றார் கான்டெசாக்காரர். உருட்டத்தான் வேண்டும், வேகமான வண்டியை முன்னால் விட்டால் பின்னால் நின்றுபோனவனை யாருக்கும் தெரியாது. மலையில் பல இடங்களில் செல்போனும் எடுக்காது.

43ஆம் வளைவு தாண்டியதும் முதல் பத்மினி மூச்சை விட்டது. முதல் கியரிலேயே ஏறிய சூட்டில் பம்ப்புக்குள் பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொண்டது. பம்ப்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றி இருபது நிமிடம் காத்திருந்ததும் கிளம்பிவிட்டது. ஆனால் பின்னால் வந்த நம் பத்து கார்களும் ஒட்டி ஒட்டி நின்றதில், இரண்டு கார்கள் வளைவிலேயே மாட்டிக்கொண்டன. மேலேறி வந்த பேருந்து திரும்ப வழியில்லை. ஓட்டுநர் திட்டினார். திட்டியது நியாயம். அணியை வகுத்தவன் நான், தவறும் என்னுடையதே.

மேலே ஒரு குறையும் இல்லை. அறப்பளீசுவரர் கோயிலில் தரிசனம். ஆகாய கங்கைக்கு ஆயிரம் படிக்கு மேல் என்றதும் இறங்கியவர்கள் ஐந்து பேர். மற்றவர்களுக்குத் திடீரென்று முழங்கால் வலி. முடவாட்டுக்கால் கிழங்கு சூப் மட்டும் எல்லாரும் இரண்டு முறை குடித்தோம். மறுநாள் குடியரசு தினம் என்பதால் காலையில் தங்கிய இடத்து வாசலில் கொடியேற்றி, சோளக்காட்டில் மிளகும் மலை வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு இறங்கினோம்.

இறக்கத்தில் ஒரு மாருதி, பெட்ரோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் வந்தது. பாதி வழியில் பிரேக் கருகும் வாடை. நல்லவேளை, அகலமான இடமாகப் பார்த்து ஓரங்கட்டினோம். ஏறின கியரிலேயே இறங்க வேண்டும் என்பது லாரி ஊரான நாமக்கல்லில் சின்னப் பையனுக்கும் தெரியும். பெயர் சொல்லவில்லை, அவருக்குத் தெரியும்.

கணக்கு: காருக்கு 3,500 வீதம் வசூல் 38,500 ரூபாய். செலவு 40,150. துண்டு விழுந்த 1,650 ரூபாயைப் பொருளாளர் கையிலிருந்து போட்டுள்ளார். காரணம் என்ற இடத்தில் 'சூப்' என்று எழுதியிருக்கிறார். அந்தத் தொகையைத் திருப்பித் தரப் பொதுக்குழு ஒப்புதல் வேண்டும்.

எத்தனால் கலந்த பெட்ரோலில் பழைய ரப்பர் குழாய்கள் சீக்கிரம் கெட்டுப்போகின்றன. அடுத்த பயணத்துக்கு முன் எல்லா வண்டிக்கும் குழாய் சோதனை கட்டாயம் என்றும், மலையில் நான்கு கார்களுக்கு மேல் ஒரே வரிசையில் போகக்கூடாது, அணிக்கு அணி பத்து நிமிட இடைவெளி வேண்டும் என்றும் இரண்டு தீர்மானங்களை முன்வைக்கிறேன். அடுத்தது ஏற்காடு, வளைவுகள் 20தான். ஹெரால்டு வந்தால் அதுதான் முன்னால் போகும்.

இப்படிக்கு,
செயலாளர்