கழுவினால் போய்விடும் என்றீர்கள், அக்கா

அன்புள்ள அக்காவுக்கு,

பயிற்சி மையத்தில் சேர்வதென்று முடிவு செய்துவிட்டேன். அடுத்த மாதம் முதல், புதிதாக வரும் பெண்களுக்கு முடிக்கு நிறமேற்றும் பாடத்தை நான்தான் எடுக்கிறேன். கடையை விட்டு ஏன் வந்தேன் என்பதும், வருகிற அன்று நாம் என்ன பேசிக்கொண்டோம் என்பதும் உங்களுக்குத் தெரியும். அதை இங்கே எழுதப்போவதில்லை. நம் கடைப் பெண்களும் பழைய வாடிக்கையாளர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் ஊர், பள்ளி, ஆண்டு எதையும் சொல்லவில்லை. பாடத்தில் முதலில் வருவது தற்காலிக நிறம். அதற்குக் குறிப்பெடுக்க உட்கார்ந்தால், அவ்வையார் வேடம் போட வந்த அந்தச் சிறுமியைத் தாண்டி எழுத்து நகரவில்லை.

புதிதாக வந்தவளின் கையில் முதலில் தற்காலிக நிறத்தைக் கொடுப்பதில் நியாயம் இருக்கிறது. அமோனியா இல்லை, பெராக்சைடு இல்லை, சாயத்தோடு டெவலப்பர் திரவம் கலக்கும் கணக்கும் இல்லை. நிறமி முடிக்குள் புகாமல் மேற்புறச் செதில்களின் மீதே படிந்து நிற்பதால், ஷாம்பு போட்டு அலசினால் ஒன்றிரண்டு முறையில் இறங்கிவிடுகிறது. "கழுவினா போயிடும், பயப்படாம அடி" என்று நீங்கள் முதுகில் தட்டிக் குப்பியைக் கொடுத்திராவிட்டால், நான் முதல் வாரத்திலேயே வீட்டுக்கு ஓடியிருப்பேன். அந்தத் துணிச்சலை உங்களைத் தவிர வேறு யாரும் எனக்குக் கொடுத்திருக்க முடியாது. ஆனால் அதே வாக்கை நம்பித்தான் கேட்க வேண்டிய கேள்விகள் அத்தனையையும் நம் கடையில் விட்டுவிட்டோம்.

அன்று ஆண்டு விழாக் கூட்டம். பாரதியார், காந்தி, ஜான்சி ராணி என்று கடை முழுக்கக் குழந்தைகள் உட்கார்ந்திருந்தார்கள். அந்தச் சிறுமியின் தாய் ஆட்டோவை வெளியே நிறுத்திவைத்துவிட்டு, கால் மணி நேரத்தில் தலையை வெள்ளையாக்கித் தரவேண்டும் என்றார். முடியில் தேங்காய் எண்ணெய் வழிந்தது. எண்ணெய் இருந்தால் நிறம் பிடிக்காது, அலசித்தான் அடிக்க வேண்டும் என்பது நீங்கள் சொல்லிக்கொடுத்ததுதான். அதனால் அலசுவதற்காக வால் சீப்பை எடுத்து நான்காகப் பிரிக்கத் தொடங்கினேன். பிடரியிலும் இரண்டு காதுகளுக்குப் பின்னும் பேன் கடித்துச் சொறிந்த புண்கள் இருந்தன. சில பொருக்குத் தட்டியிருந்தன, சில ஈரமாக இருந்தன. கையிலிருந்த ஸ்பிரேக் குப்பியின் மேலேயே ஆல்கஹால் என்று அச்சிட்டிருந்தது. புண்ணுள்ள தோலில் படக்கூடாது என்றும் போட்டிருந்தது. உங்களைப் பார்த்தேன். நீங்கள் வேறொரு பிள்ளைக்கு மீசை வரைந்துகொண்டே, வழக்கமாகச் சொல்வதையே சொன்னீர்கள். நான் குப்பியை மேசையில் வைத்துவிட்டு, "நிறம்தான்கா போகும். நான் அடிக்க மாட்டேன், தலை முழுக்கப் புண்ணு" என்றேன். கடை முழுவதும் கேட்கும்படி சொன்னேன்.

அந்தத் தாயின் முகம் எப்படிச் சுருங்கியது என்பதை நீங்களும் பார்த்தீர்கள். அதற்காக அவரிடமும் உங்களிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். பேன் இல்லாத பள்ளிக்கூடம் உண்டா, அந்தப் பெண்ணிடம் என்ன குற்றம்? அவரைத் தனியே அழைத்து மெதுவாகச் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அக்கா, அதற்கு முன்பு எத்தனை விஷயங்களை உங்களிடம் மெதுவாகச் சொல்லியிருக்கிறேன்? சாமிப் படத்துக்கு முன் விளக்கு எரியும்போது அதே அறையில் ஸ்பிரே அடிக்க வேண்டாம், குப்பியில் இருக்கிற பியூட்டேனும் புரோப்பேனும்தான் அடுப்பு சிலிண்டரிலும் இருக்கின்றன என்று மெதுவாகத்தான் சொன்னேன். விளக்கை அணைப்பது அபசகுனம் என்று சொல்லிவிட்டீர்கள். குப்பியை வெளி வராந்தாவுக்கு எடுத்துப் போகலாமே என்றதற்கும் பதில் இல்லை.

அதன் பிறகு நீங்கள் செய்ததைத்தான் என் மாணவிகளுக்கு முதல் நாளே சொல்லப்போகிறேன். என்னைத் திட்டவில்லை, அந்தத் தாயையும் அனுப்பிவிடவில்லை. அலமாரியிலிருந்து பழைய சவுரி ஒன்றை எடுத்துக் கொல்லைப்புறத்துக்குப் போனீர்கள். ஒரு சாண் தள்ளிப் பிடித்து, நின்று நிதானமாக, மெல்லிய பூச்சாக இரண்டு முறை அடித்து உலரவைத்தீர்கள். புண் இருந்த இடத்தைத் தொடாமல் சிறுமியின் முடியைத் தளர்வாக முடிந்து, மேலே வெள்ளைச் சவுரியைக் கொண்டையாகச் சுற்றி ஊசி குத்தினீர்கள். முன்பக்கத்துக் கருமுடியைச் சேலை முந்தானையால் மூடி, நெற்றி நிறைய விபூதி பூசினீர்கள். கோலை ஊன்றிக்கொண்டு அவள் நடந்து போனபோது கடையே எழுந்து பார்த்தது. எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் இல்லாத பாதுகாப்பு முறை அது. அதை உங்களிடம் அன்றே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அன்று இரவு நீங்கள் மற்றப் பெண்களிடம் என்னைப் பற்றிச் சொன்னது என் காதுக்கு வந்த பிறகு எனக்கு வாய் வரவில்லை. அது என்னவென்று இங்கே எழுத மாட்டேன். சொன்னவர்கள் இன்னும் உங்களிடம் வேலை பார்க்கிறார்கள்.

சரி, பாடத்துக்கு வருகிறேன். கருமுடியில் தற்காலிக நிறம் ஏறுவதற்கும் வெளுத்த முடியில் ஏறுவதற்கும் உள்ள வேறுபாட்டில் அரை நாளாவது செலவிட நினைக்கிறேன். நம் ஊர் முடி பெரும்பாலும் கருப்பு. தற்காலிக நிறம் முடியை வெளுக்காது என்பதால், ஒளி ஊடுருவும் சாயம் அதில் தெரியவே தெரியாது. ஹேர் சாக், ஹேர் வாக்ஸ், வெள்ளை ஸ்பிரே போல மேலே மூடி நிற்கிற நிறமிதான் தெரியும். அதே நீலத்தை பிளீச் செய்த முடியில் பூசினால் கதை வேறு. செதில்கள் திறந்து கிடக்கும் முடி சாயத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும், பல வாரம் அலசினாலும் பச்சையும் நீலமுமாக நிற்கும். கல்லூரி விழாவுக்கு வந்த பெண்ணுக்கு நடந்தது நினைவிருக்கும். அவளிடம் முன்பு பிளீச் செய்திருக்கிறாளா என்று நம்மில் ஒருவரும் கேட்கவில்லை. பழி மட்டும் பயிற்சிக்கு வந்த பெண்ணின் தலையில் விழுந்தது. இப்போதெல்லாம் நான் முதலில் காதுக்குப் பின்னால் மறைவான ஒரு கற்றையில் பூசி, அலசிப் பார்த்துவிட்டுத்தான் மேலே போகிறேன்.

ஒவ்வாமை வருமா என்று தோலில் தடவிப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் விஷயத்தில் உங்களோடு இன்னும் சண்டை போடுவேன். தற்காலிக நிறத்துக்கு எதற்கு என்பீர்கள். மணமேடைக்குப் போக ஒரு மணி நேரம் இருக்கும்போது வருகிற மணப்பெண்ணின் தாயிடம், முழங்கை மடிப்பில் தடவிவிட்டு 48 மணி நேரம் கழித்து வாருங்கள் என்று சொல்ல முடியாது என்பீர்கள், அது உண்மைதான். ஆகவேதான் போனில் நேரம் குறிக்கும்போதே கேட்க வேண்டும் என்கிறேன்: இதற்கு முன் டை அடித்தோ கருப்பு மருதாணி வைத்தோ அரிப்பு, வீக்கம் வந்ததுண்டா, மூச்சிரைப்பு உண்டா, தலையில் புண் உண்டா. கருப்பு மருதாணியைத் தனியே கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. அசல் மருதாணி செம்பழுப்பாகத்தான் பிடிக்கும். சட்டென்று கன்னங்கரேலென்று பிடிப்பதில் பெரும்பாலும் பாராஃபீனிலீன்டையமைன் என்ற சாய வேதிப்பொருள் கலந்திருக்கும். ஐரோப்பாவில் தலைமுடிச் சாயத்திலேயே அதற்கு 2 சதவீதம்தான் உச்ச வரம்பு, தோலில் பூச அனுமதியே இல்லை. ஒருமுறை அதற்கு ஒவ்வாமை வந்த உடம்பு பிறகு மறப்பதில்லை. நம் அலமாரியில் கருப்புப் பொடிப் பொட்டலமும் தற்காலிக நிறமும் ஒரே தட்டில் இருந்தன. புதியவள் எதை எடுப்பாள் என்று எப்படித் தெரியும்?

உங்கள் கைகளைப் பற்றி எழுதலாமா என்று நெடுநேரம் யோசித்தேன். விரல் இடுக்குகளில் வெடித்து, இரவில் நீங்கள் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். நாள் முழுவதும் தண்ணீரிலும் ஷாம்புவிலும் சாயத்திலும் நனைகிற கைக்கு வருகிற தொழில் நோய் அது. உலகம் முழுவதும் முடிதிருத்தும் தொழிலில் இருப்பவர்களுக்கு வருகிறது. கிளவுஸ் போட்டால் முடியின் பிடி தெரியாது என்று சொல்லிப் போட மறுத்தீர்கள். எங்களுக்குக் கொடுத்தவற்றையோ கழுவிக் கொடியில் காயப்போட்டு மறுநாளும் மாட்டச் சொன்னீர்கள். உள்ளே சாயம் ஒட்டியிருந்த கிளவுஸ் வெறுங்கையைவிட மோசம், அக்கா. நான் வாங்கிவந்த நைட்ரைல் கிளவுஸ் பெட்டியைப் பூட்டிவைத்தது எனக்கு இன்றும் ஆறவில்லை. சிக்கனம் என்று சொன்னீர்கள். எவருடைய தோலில் செய்த சிக்கனம்?

இதற்கு மேல் எழுதினால் கோபம் அதிகமாகிவிடும். கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். மூன்றாம் வகுப்பில் சவுரிக்கு நிறமேற்றுவதைச் செய்துகாட்ட வேண்டும். புண், ஒவ்வாமை, குழந்தை, அவசரம் என்று தலையைத் தொட முடியாத எந்த நிலையிலும் வாடிக்கையாளரை வெறுங்கையோடு அனுப்பாமல் இருக்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை; உங்கள் கை நிதானம் எனக்கு வரவுமில்லை. நீங்களே வந்து செய்துகாட்ட வேண்டும். மையத்தில் பேசிவிட்டேன், வந்துபோகும் செலவும் ஒரு நாள் சம்பளமும் தருவார்கள். கிளவுஸ் போட்டுத்தான் செய்ய வேண்டும், உங்கள் அளவில் வாங்கிவைக்கிறேன். சவுரியை மட்டும் நீங்கள் கொண்டுவாருங்கள், இங்கே கிடைப்பதெல்லாம் செயற்கை இழை, நிறம் சரியாக ஒட்டுவதில்லை. எனக்கு வரவேண்டிய பாக்கியைப் பற்றி அன்று பேச மாட்டேன். வேறொரு நாள் கட்டாயம் பேசுவேன்.

இப்படிக்கு,
உங்களிடம் தொழில் கற்றவள்