செயலாளர் ஆண்டறிக்கை: ரத்தப் புற்றுநோய் பிள்ளைங்களோட அம்மா அப்பா சங்கம்

எல்லாருக்கும் வணக்கம். போன வருஷ அறிக்கை ரொம்ப நீளம்னு பொருளாளர் அண்ணன் சொன்னாங்க, அதனால கணக்க அவங்களே வாசிக்கட்டும், நான் மத்தத மட்டும் சொல்லிட்டு உக்காந்துடுறேன். மாசம் ஒரு கூட்டம்னு போட்டோம், மழையில ஒன்னு, பரீட்சை நேரத்துல ஒன்னு நடக்கல.

இந்த வருஷம் உருப்படியா செஞ்சதுன்னா தெர்மாமீட்டர் தான். புதுசா சேந்த ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்னு, கூட ஒரு துணிப்பை. கீமோ போயி கவுண்ட், அதான் ரத்தத்துல வெள்ளை அணு, எறங்கி இருக்குற பிள்ளைக்கு காய்ச்சல் 100.4 டிகிரி தொட்டுச்சுன்னா காலைல பாத்துக்கலாம்னு படுக்க கூடாது, நாமளா பாரசிட்டமால் குடுத்து அமுக்கவும் கூடாது, டாக்டருக்கு போன போட்டுட்டு உடனே கெளம்பணும். டிஸ்சார்ஜ் அன்னைக்கு இதெல்லாம் சொல்றாங்க தான், ஆனா அன்னைக்கு நம்ம காதுல எது ஏறுது? பைக்குள்ள ஃபைல், கடைசி ரிப்போர்ட், சார்ஜர், ஒரு செட் துணி, கொஞ்சம் காசு போட்டு கதவாணியில தொங்க விடுங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு ஃபைல தேடி பீரோவ பொரட்டுனவ சொல்றேன்.

அப்புறம் மாத்திரை. மொத்த ட்ரீட்மென்ட் ரெண்டு, ரெண்டரை வருஷம்னா அதுல பெரும்பகுதி மெயின்டனன்ஸ், அதாவது வீட்லயே மாத்திரை குடுக்குற காலம், அப்ப வீட்ல நர்ஸ் நாம தான். சிக்ஸ் எம்பிங்கிற மாத்திரை தெனமும், மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துல ஒரே நாள், எங்களுக்கு வந்தது ரெண்டுமே மஞ்சள் மாத்திரை. ஒரு வியாழக்கிழம நான் மெத்தோட்ரெக்ஸேட்ட மறுபடியும் கையில எடுத்துட்டேன், "அம்மா அது நேத்து மாத்திரல்லா"ன்னு பையன் தான் சொன்னான். எனக்கு கை வெலவெலத்து போச்சு. இப்ப அது தனியா அவன் பழைய பென்சில் டப்பாவுல, மேல புதன்னு எழுதி அலமாரி உச்சியில இருக்கு. டிக் அடிக்கிற ஷீட்டு ஜெராக்ஸ் எடுத்து மேஜையில வச்சிருக்கேன், எடுத்துக்கோங்க.

பிளேட்லெட், அதான் ரத்தத்த உறைய வைக்கிற தட்டணு, அத குடுக்குறவங்க லிஸ்ட்ட புதுசா எழுதியாச்சு. பிளேட்லெட் அஞ்சு நாளுக்கு மேல தாங்காது, வாங்கி ஸ்டாக் வைக்கிற சாமான் இல்ல, ஆளுங்க தான் வேணும். ரத்தம் குடுத்தா மூணு மாசம் கழிச்சு தானேன்னு நெறைய தம்பிங்க நெனக்கிறாங்க, மெஷின்ல பிளேட்லெட் மட்டும் எடுத்தா 48 மணி நேரத்துக்கு அப்புறம் திரும்ப குடுக்கலாம், வருஷத்துக்கு 24 தடவ வரைக்கும். இந்த லிஸ்ட்ட பாத்துக்கிற அக்காவ உங்க எல்லாருக்கும் தெரியும். அவங்க பிள்ளைய நாம இந்த வருஷம் இழந்துட்டோம். குரூப்புல இருந்து என் நம்பர எடுத்துறாதீங்கன்னு மட்டும் கேட்டாங்க.

பொதிகை ரயில்ல சென்னைக்கு போறவங்க ரயில்வே சலுகை ஃபார்ம மறக்காம ஆஸ்பத்திரியில வாங்கி வச்சுக்கோங்க. ஸ்லீப்பர், தேர்ட் ஏசியில பிள்ளைக்கு முழுசா ஃப்ரீ, கூட போற ஒருத்தருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. ஒரு ஊர் கவுண்டர்ல அப்படி எதுவும் இல்லன்னு திருப்பி அனுப்பிட்டாங்களாம், சண்ட போடாம மேலதிகாரிய பாக்கணும்னு கேளுங்க.

ஸ்டீராய்டு மாத்திரையால வர்ற பசி பத்தி தனி கூட்டமே போட்டோம், நடுராத்திரி பூரி சுட்டவங்க கைய தூக்குங்கன்னா ஹால்ல எல்லா கையும் மேல. மூஞ்சி வீங்கி போன பிள்ளைய பாத்து "நல்லா சதை போட்ருக்கானே"ன்னு சொல்ற பக்கத்து வீட்டுக்காரங்கள என்ன செய்யன்னு தான் முடிவே வரல.

கூடப்பொறந்த பிள்ளைங்களுக்கு நாம ஒன்னுமே செய்யல, இது என் மனசுல கெடக்கு. என் மூத்தவ இருமல் வந்தா தலகாணியில மூஞ்ச பொத்திக்கிட்டு இருமுறா. ஏன்னு கேட்டா, "சத்தம் கேட்டா தம்பிக்கு ஒட்டிக்கும்னு என்னைய ஆச்சி வீட்டுக்கு அனுப்பிருவீங்கல்லா"ங்கா. வர்ற வருஷம் மே லீவுல அவங்களுக்குன்னு ஒரு நாள் வைக்கணும், யாராவது பொறுப்பு எடுத்துக்கோங்க.

கடைசியா, சென்னை ரூமுக்கு கொண்டு போற சங்கத்து இன்டக்‌ஷன் அடுப்பு வந்துருச்சு, சின்ன குக்கர் வரல. யார் வீட்ல இருந்தாலும் வெள்ளிக்கிழமைக்குள்ள குடுத்துருங்க, சனிக்கிழம ஒரு குடும்பம் கெளம்புறாங்க. வெயிட்டோட குடுங்க.